56 வாக்குகளில் ஒரு நகரம்: யாழ்ப்பாணத் தேர்தல் தொகுதியின் கதை

தமிழர் அரசியல் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கட்சிகளின் வரலாற்றையே எழுதுகின்றனர். தமிழ்க் காங்கிரஸ் எழுந்தது, தமிழரசுக் கட்சி பிரிந்தது, கூட்டணி பிறந்தது, ஆயுத இயக்கங்கள் வந்தன, கூட்டமைப்பு உருவானது, அதுவும் சிதறியது என்று அந்த வரலாறு ஒரே நேர்கோட்டில் செல்கிறது. அவ்வாறு எழுதும்போது ஒருவர் மட்டும் காணாமற் போய்விடுகிறார். அவர்தான் வாக்காளர். ஒரு தனித் தொகுதியை எடுத்துக்கொண்டு, அங்கே யார் நின்றார்கள், யார் வென்றார்கள், யார் தோற்றார்கள் என்று வரிசையாகப் பார்த்தால் அந்த வாக்காளரின் முகம் ஓரளவுக்காவது தெரியவரும். அதற்கு யாழ்ப்பாணத் தேர்தல் தொகுதியைவிடப் பொருத்தமான உதாரணம் வடக்கில் இல்லை.

இங்கே யாழ்ப்பாணம் என்பது குடாநாடு முழுவதையும் குறிக்கவில்லை. இன்றைய தேர்தல் மாவட்டத்தையும் குறிக்கவில்லை. பெரியகடை, வண்ணார்பண்ணை, கொட்டடி, குருநகர், நாவாந்துறை, சோனகத் தெரு என்ற நகரத்தின் பகுதிகளைக் கொண்டிருந்த, ஒரே ஒரு பாராளுமன்ற உறுப்பினரைத் தெரிவு செய்த பழைய தொகுதியையே குறிப்பிடுகிறேன். 1947 முதல் 1977 வரை இத்தொகுதி எட்டுப் பொதுத்தேர்தல்களைக் கண்டது. எட்டுத் தேர்தல்களிலும் வென்றவர்கள் நால்வர் மட்டுமே: ஜி.ஜி. பொன்னம்பலம் நான்கு தடவை, அல்பிரட் துரையப்பா இரண்டு தடவை, சி.எக்ஸ். மார்ட்டின் ஒரு தடவை, வெ. யோகேஸ்வரன் ஒரு தடவை. இந்த நால்வரில் இருவர் பின்னர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்த இருவரும் எதிரெதிரான அரசியலைச் சேர்ந்தவர்கள் என்பதுதான் இந்தக் கதையில் நாம் நின்று சிந்திக்க வேண்டிய இடம்.

பகிஷ்கரிப்பில் தொடங்கிய வரலாறு

சர்வசன வாக்குரிமை இலங்கைக்கு 1931 இல் டொனமூர் அரசியலமைப்பின் மூலம் கிடைத்தது. அந்த வாக்குரிமையின் கீழ் நடைபெற்ற முதலாவது அரசாங்க சபைத் தேர்தலில் யாழ்ப்பாணத் தொகுதியில் ஒருவர்கூட வேட்புமனுத் தாக்கல் செய்யவில்லை. டொனமூர் திட்டம் முழுமையான சுயராச்சியத்தைத் தரவில்லை என்று கூறி யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் விடுத்த பகிஷ்கரிப்பு அழைப்பை ஏற்று யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளும் வெறுமையாக விடப்பட்டன. வாக்குரிமை வந்த முதல் நாளிலேயே அதனைப் பயன்படுத்தாமல் விட்ட நகரம் இது. பகிஷ்கரிப்பு என்ற சொல் இந்த நகரத்தின் தேர்தல் வரலாற்றில் பின்னரும் பலமுறை வரும். ஆனால் 1931 இல் அதனை விடுத்தவர்கள் ஆசிரியர்களும் இளம் பட்டதாரிகளும். அவர்கள் கையில் ஆயுதம் இருக்கவில்லை. அழைப்பை மறுத்து மனுத் தாக்கல் செய்திருந்தாலும் எவருடைய உயிருக்கும் ஆபத்து வந்திராது. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

1934 இல் அந்த வெற்றிடங்கள் நிரப்பப்பட்டபோது யாழ்ப்பாணத்தின் பிரதிநிதியானவர் அருணாசலம் மகாதேவா. சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் புதல்வர். 1936 இலும் அவரே வென்றார். அவ்வாண்டில் அமைந்த முழுச் சிங்கள அமைச்சரவை தமிழர் மத்தியில் ஏற்படுத்திய கசப்பு யாவரும் அறிந்தது. 1942 இல் மகாதேவா உள்நாட்டு விவகார அமைச்சராக அந்த அமைச்சரவையினுள் சேர்க்கப்பட்டார். அரசாங்கத்தினுள் இருந்து பணியாற்றுவதே தமிழருக்கு நன்மை தரும் என்பது அவருடைய நிலைப்பாடு. அதற்கு நேரெதிர்த் திசையில் ஐம்பதுக்கு ஐம்பது கோரிக்கையை முன்வைத்துக்கொண்டிருந்தவர் பருத்தித்துறை உறுப்பினரான ஜி.ஜி. பொன்னம்பலம். 1944 இல் அவருடைய தலைமையில் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ் உருவானது. சோல்பரித் திட்டம் அந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை. அத்திட்டத்தின் அடிப்படையில் அமைந்த வெள்ளை அறிக்கை 1945 இல் அரசாங்க சபைக்கு வந்தபோது மகாதேவா அதனை ஆதரித்தார்.

அதற்கான கணக்கு 1947 இல் தீர்க்கப்பட்டது. பொன்னம்பலம் தமது பருத்தித்துறைத் தொகுதியை விட்டுவிட்டு, மகாதேவாவை அவருடைய சொந்தத் தொகுதியிலேயே எதிர்கொள்வதற்காக யாழ்ப்பாணத்துக்கு வந்தார். ஐக்கிய தேசியக் கட்சியின் வேட்பாளராக நின்ற மகாதேவா ஏறத்தாழ 9 ஆயிரம் வாக்குகள் வித்தியாசத்தில் தோற்றார். பதவியிலிருந்த ஓர் அமைச்சரை, அதுவும் பெருங்குடும்பத்தின் வாரிசு ஒருவரை, நகரம் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியது. அதன் பின்னர் 1977 வரையில் எந்தவொரு தென்னிலங்கைக் கட்சியும் இத்தொகுதியை வெல்லவில்லை.

வீடு நுழையாத நகரம்

மகாதேவாவை அமைச்சர் என்பதற்காகத் தோற்கடித்த பொன்னம்பலம் 1948 இல் தாமே டி.எஸ். சேனநாயக்காவின் அரசாங்கத்தில் கைத்தொழில், மீன்பிடி அமைச்சரானார். இந்த முரண்பாட்டிலிருந்துதான் தமிழரசுக் கட்சி பிறந்தது. எஸ்.ஜே.வி. செல்வநாயகம், கு. வன்னியசிங்கம், டாக்டர் ஈ.எம்.வி. நாகநாதன் ஆகியோர் 1949 டிசம்பரில் புதிய கட்சியைத் தொடங்கினர்.

இங்கே யாழ்ப்பாணத் தொகுதி மற்றைய தொகுதிகளிலிருந்து விலகி நடக்கத் தொடங்குகிறது. மகாதேவாவைத் தண்டித்த அதே நகரம் அமைச்சர் பொன்னம்பலத்தைத் தண்டிக்கவில்லை. 1952 இல் நாகநாதன் தமிழரசுக் கட்சியின் வேட்பாளராக அவரை எதிர்த்து நின்று தோற்றார். காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையும் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் பொன்னம்பலத்தின் அமைச்சோடு இணைத்துப் பேசப்பட்ட காலம் அது.

1956 இன்னும் வியப்பானது. தனிச்சிங்கள அலை தெற்கில் வீச, அதற்கான பதிலாக வடக்கிலும் கிழக்கிலும் தமிழரசுக் கட்சி 10 ஆசனங்களைக் கைப்பற்றியது. குடாநாட்டில் அந்த அலைக்குப் பணியாத தொகுதிகள் இரண்டு மட்டுமே. ஒன்று, கம்யூனிஸ்ட் கட்சியின் பொன். கந்தையாவைத் தெரிவுசெய்த பருத்தித்துறை. மற்றையது, தமிழ்க் காங்கிரஸுக்குக் கிடைத்த ஒரே ஆசனமான யாழ்ப்பாணம். இம்முறையும் பொன்னம்பலத்திடம் தோற்றவர் நாகநாதன்தான். 1960 இல் புதிதாக உருவாக்கப்பட்ட நல்லூர்த் தொகுதிக்குச் சென்ற பின்னரே நாகநாதனால் பிரதிநிதிகள் சபைக்குத் தெரிவாக முடிந்தது. நகரத்தின் எல்லையைத் தாண்டியதும் வெற்றி கிடைத்தது என்பது கவனிக்கத்தக்கது.

1952 முதல் 1970 வரை நடைபெற்ற ஆறு பொதுத்தேர்தல்களில் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னம் இத்தொகுதியில் வென்றது ஒரே ஒரு தடவைதான். தமிழ் மக்களின் முதன்மைக் கட்சியாக அது விளங்கிய காலத்தின் பெரும்பகுதியில் தமிழரின் தலைநகர் என்று சொல்லப்பட்ட நகரம் அதன் கையில் இருக்கவில்லை. 1961 இல் வடக்கு, கிழக்கு முழுவதையும் உலுக்கிய சத்தியாக்கிரகம் யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலில் நடந்தபோதும் நகரத்தின் பாராளுமன்ற உறுப்பினர் அக்கட்சியைச் சேர்ந்தவரல்லர்.

இதற்குக் காரணம் என்ன? நகரத்து மக்களுக்கு இனவுணர்வு குறைவு என்று அக்காலத்தில் சிலர் மேடைகளில் கூறினர். அது பொருந்தாத விளக்கம். நகரத்தின் அமைப்பே வேறு என்பதுதான் உண்மை. கிராமத் தொகுதிகளில் ஆசிரியரும் அரசாங்க உத்தியோகத்தரும் அவர்களின் குடும்பங்களுமே கருத்தை உருவாக்கினர். தனிச்சிங்களச் சட்டம் அவர்களின் அடுப்பில் நேரடியாகக் கை வைத்தது. நகரத்திலோ வியாபாரிகள், சட்டத்தரணிகள், சந்தைத் தொழிலாளர், குருநகர், நாவாந்துறைக் கடற்றொழிலாளர், சோனகத் தெரு முஸ்லிம்கள், கத்தோலிக்கர், சைவர் என்று பலரும் ஒரே தொகுதியில் நெருக்கமாக வாழ்ந்தனர். முஸ்லிமான எம்.எம். சுல்தான் 1950களில் மேயராக இருந்த நகரம் இது. இவர்களுக்கு மொழியுரிமையும் வேண்டும்; வாய்க்கால், சந்தை, இறங்குதுறை, கடை அனுமதிப்பத்திரம் ஆகியனவும் வேண்டும். ஆகவே ஒவ்வொரு தேர்தலிலும் நகர வாக்காளர் தம்மிடம் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொண்டார் என்றே நான் கருதுகிறேன். கொழும்பில் நமக்காகப் பேசக்கூடியவர் யார்? நகரத்தில் நம்மைக் கவனிக்கக்கூடியவர் யார்? இரண்டுக்கும் ஒரே விடை கிடைப்பது அரிது. அதனால்தான் இங்கே ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தனர்.

மாநகரசபையிலிருந்து வந்தவர்

முதலாவது கேள்விக்குப் பொன்னம்பலம் விடையென்றால், இரண்டாவது கேள்விக்கு விடையாக வந்தவர் அல்பிரட் துரையப்பா. 1926 இல் பிறந்த சட்டத்தரணியான அவர் மாநகரசபை அரசியலில் வளர்ந்தவர். யாழ்ப்பாணம் 1949 இல் மாநகரசபையாகத் தரமுயர்த்தப்பட்டதன் அரசியல் விளைவுகளில் ஒன்று, பாராளுமன்றத்துக்குச் செல்வதற்கு இன்னொரு வாசல் திறந்தமைதான். பொதுக்கூட்ட மேடையில் ஆங்கிலத்திலும் தமிழிலும் முழங்காத ஒருவர் வட்டாரம் வட்டாரமாகச் சென்று, பெயர் சொல்லி அழைத்து, குறைகேட்டுச் செல்வாக்குப் பெறலாம் என்பதை மாநகரசபை நிரூபித்தது. துரையப்பா கிறிஸ்தவர்; ஆனால் அவருக்குரிய வாக்குகள் சைவர், முஸ்லிம்கள், நகரத்து உழைப்பாளர் என்று எல்லாப் பகுதிகளிலும் பரவிக் கிடந்தன.

1960 மார்ச்சில் அவர் சுயேச்சையாக நின்று பொன்னம்பலத்தைத் தோற்கடித்தார். மூன்று தடவை தொடர்ந்து வென்ற, நாடறிந்த வழக்கறிஞரைக் கட்சியற்ற ஓர் இளைஞர் வீழ்த்தியது அந்நாளில் பெருஞ்செய்தி. நான்கு மாதங்களின் பின்னர் ஜூலையில் மீண்டும் தேர்தல் வந்தது; மீண்டும் துரையப்பாவே வென்றார். 1965 இல் பொன்னம்பலம் தொகுதியை மீட்டார். இந்த மாறிமாறி நிகழ்ந்த வெற்றி தோல்விகளின்போது, தோற்றவர் அடுத்த தேர்தலுக்குக் காத்திருந்தார். வென்றவர் அடுத்த தேர்தலுக்கு அஞ்சினார். பிரதிநிதித்துவம் என்பதன் பொருள் இதற்கு மேல் எதுவுமில்லை.

1970: மூவரும் மூன்று பங்கும்

1970 மே 27 ஆம் திகதி நடைபெற்ற தேர்தல் இத்தொகுதியின் வரலாற்றில் உச்சம். முடிவு இவ்வாறு அமைந்தது:

சி.எக்ஸ். மார்ட்டின் (தமிழரசுக் கட்சி) – 8,848
அல்பிரட் துரையப்பா (சுயேச்சை) – 8,792
ஜி.ஜி. பொன்னம்பலம் (தமிழ்க் காங்கிரஸ்) – 7,222

வித்தியாசம் 56 வாக்குகள். மூவருக்கும் ஏறத்தாழ மூன்றில் ஒவ்வொரு பங்கு. தமிழரசுக் கட்சி கத்தோலிக்கரான மார்ட்டினை நிறுத்தியமை கரையோர வாக்குகளில் ஒரு பகுதியை ஈர்த்திருக்க வேண்டும் என்பது பொதுவான கருத்து. எவ்வாறாயினும் இருபது ஆண்டுகளாக அக்கட்சி தட்டிய கதவு இந்த 56 வாக்குகளால் திறந்தது.

அதே நாளில் குடாநாட்டின் வேறு பகுதிகளில் நடந்தவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வட்டுக்கோட்டையில் அ. அமிர்தலிங்கம் தோற்றார். நல்லூரில் நாகநாதன் தோற்றார். உடுப்பிட்டியில் மு. சிவசிதம்பரம் தோற்றார். யாழ்ப்பாணத்தில் பொன்னம்பலம் தோற்றார். தமிழர் அரசியலின் இரு பிரதான கட்சிகளினதும் முன்னணித் தலைவர்கள் ஒரே நாளில் வாக்காளரால் நிராகரிக்கப்பட்டனர். தமிழ் வாக்காளர் கட்சித் தலைமைக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாக்களித்தவர் என்ற எண்ணம் தவறானது என்பதற்கு 1970 மே 27 ஐ விடச் சிறந்த சாட்சியம் இல்லை.

அந்த வெற்றியும் தமிழரசுக் கட்சியிடம் நிலைக்கவில்லை. 1971 இல் அரசியல் நிர்ணய சபையைக் கட்சி பகிஷ்கரித்தபோது மார்ட்டின் அதற்குக் கட்டுப்படவில்லை. அவர் கட்சியிலிருந்து விலக்கப்பட்டார். நகரம் மீண்டும் கட்சிக்கு வெளியே நின்றது.

வாக்கிலிருந்து துப்பாக்கிக்கு

1972 இன் குடியரசு அரசியலமைப்பு சிறுபான்மையினருக்கு இருந்த சொற்ப பாதுகாப்பையும் நீக்கியது. எதிர்ப்பைக் காட்டச் செல்வநாயகம் தமது காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்து இடைத்தேர்தலுக்குச் சவால் விடுத்தார். அந்த இடைத்தேர்தலை அரசாங்கம் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக இழுத்தடித்து 1975 பெப்ரவரியிலேயே நடத்தியது. பெட்டியில் போடும் வாக்கினால் எதுவும் நடவாது என்ற எண்ணத்தை இளைஞரிடம் விதைத்ததில் இந்தத் தாமதத்துக்கும் பங்குண்டு. இதற்கிடையே 1974 ஜனவரி 10 ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளில் பொலிஸ் நடவடிக்கையைத் தொடர்ந்து மக்கள் உயிரிழந்தனர். அப்போது மேயராக இருந்தவர் துரையப்பா. அவர் அக்காலத்தில் ஆளும் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் யாழ்ப்பாண அமைப்பாளருமாவார். கோபம் முழுவதும் அவர்மீது திரும்பியது. துரோகி என்ற சொல் தமிழர் அரசியல் மேடைகளில் தாராளமாகப் புழங்கியது.

1975 ஜூலை 27 ஆம் திகதி பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோவிலுக்கு வந்தபோது அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வேலுப்பிள்ளை பிரபாகரனின் தலைமையிலான குழுவே இதனைச் செய்தது.

துரையப்பாவின் அரசியலை ஏற்க வேண்டும் என்று எவரையும் நான் கேட்கவில்லை. ஆளும் கட்சியோடு அவர் கொண்டிருந்த உறவுக்கு அடுத்த தேர்தலில் நகரம் கடுமையான தண்டனை வழங்கியிருக்கக் கூடும். 1947 இல் மகாதேவாவுக்கு வழங்கிய நகரமல்லவா அது? ஆனால் அந்த வாய்ப்பு நகரத்திடமிருந்து பறிக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர் 8,792 பேர் அந்த மனிதருக்கு வாக்களித்திருந்தனர். தீர்ப்பு வழங்கியவர்கள் அவர்களிடம் எதுவும் கேட்கவில்லை. அன்று அதனைக் கண்டிக்கத் தயங்கிய தலைவர்கள், அதே தீர்ப்பு முறை தங்களையும் நோக்கித் திரும்பும் என்று எண்ணியிருக்க மாட்டார்கள்.

கடைசி உறுப்பினர்

1977 ஜூலைத் தேர்தல் வட்டுக்கோட்டைத் தீர்மானத்தின் பின்னர் வந்தது. பொன்னம்பலம் அவ்வாண்டு பெப்ரவரியில் காலமானார். செல்வநாயகம் ஏப்ரலில் மறைந்தார். பல ஆண்டுகள் எதிரெதிரே நின்ற இருவரும் வாழ்வின் இறுதியில் தமிழர் விடுதலைக் கூட்டணியின் கீழ் ஒன்றுசேர்ந்திருந்தனர். உதயசூரியன் சின்னத்தில் யாழ்ப்பாணத்தில் நின்ற சட்டத்தரணி வெ. யோகேஸ்வரன் வென்றார். ஜி.ஜி.யின் மகன் குமார் பொன்னம்பலம் கூட்டணியிலிருந்து விலகிச் சுயேச்சையாக நின்று தோற்றார்.

தனிநாட்டுக்கான ஆணை என்று வருணிக்கப்பட்ட அந்தத் தேர்தலில் குடாநாட்டின் சில தொகுதிகள் கூட்டணிக்கு நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்ட வாக்குகளை வழங்கின. யாழ்ப்பாணத்தில் யோகேஸ்வரன் பெற்றது பாதிக்குச் சற்று மேல்தான். பேரலையின் நடுவிலும் நகரம் தனது பழைய குணத்தை விட்டுவிடவில்லை.

யோகேஸ்வரனே இத்தொகுதியின் கடைசி உறுப்பினர். 1978 இன் அரசியலமைப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொண்டுவந்தது. தனித்தொகுதி முறை அத்துடன் முடிவுக்கு வந்தது. 1981 இல் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்காக நகரத்தில் குவிக்கப்பட்டிருந்த பொலிஸார், மே 31 இரவு தொடங்கிய வெறியாட்டத்தில் யோகேஸ்வரனின் வீட்டுக்கும் தீ வைத்தனர். அவரும் துணைவியார் சரோஜினியும் தப்பியது அரும்பொட்டு. ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் பொது நூலகமும் அந்நாட்களிலேயே எரிக்கப்பட்டன. ஒரு தேர்தலை நடத்துவதற்காக வந்தவர்கள் நகரத்தின் நூலகத்தை எரித்துவிட்டுச் சென்றனர் என்பதை உலகத்தின் வேறெந்தத் தேர்தல் வரலாற்றிலும் காண்பது அரிது.

1982 ஒக்டோபர் ஜனாதிபதித் தேர்தலில் கூட்டணி வேட்பாளரை நிறுத்தவில்லை. குமார் பொன்னம்பலம் யாழ்ப்பாண மாவட்டத்தில் முதலிடம் பெற்றார். அவருக்கு அடுத்ததாக வந்தவர் ஹெக்டர் கொப்பேகடுவ. அவரது காலத்து இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் கிடைத்த விலையைக் கமக்காரர் மறக்கவில்லை. அதே டிசம்பரில் பாராளுமன்றத்தின் ஆயுளை நீடிப்பதற்கான சர்வசன வாக்கெடுப்பில் மாவட்டத்தில் வாக்களித்தோரில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் எதிர்த்து வாக்களித்தனர். ஆயினும் பாராளுமன்றம் நீடிக்கப்பட்டது. ஆறாவது திருத்தத்தின் சத்தியப்பிரமாணத்தைச் செய்ய மறுத்த கூட்டணி உறுப்பினர்கள் 1983 ஒக்டோபரில் ஆசனங்களை இழந்தனர். அதாவது, 1983 முதல் 1989 வரை யாழ்ப்பாணத் தொகுதி சட்டப்படி இருந்தது. அதற்கு உறுப்பினர் இருக்கவில்லை. வேட்பாளரின்றித் தொடங்கிய தொகுதி உறுப்பினரின்றி முடிந்தது.

1989 ஜூலை 13 ஆம் திகதி கொழும்பில் அமிர்தலிங்கமும் யோகேஸ்வரனும் விடுதலைப் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டனர். துரையப்பா துரோகி என்று சொல்லப்பட்டவர். யோகேஸ்வரன் தனிநாட்டுக் கோரிக்கைக்கு ஆணை பெற்றுச் சென்றவர். ஒருவர் அரசாங்கத்தோடு நின்றவர். மற்றவரின் வீட்டை அரசாங்கத்தின் பொலிஸாரே எரித்தனர். இருவருக்கும் கிடைத்த முடிவு ஒன்றே. அதன் பின்னர் 1998 இல் மாநகரசபைத் தேர்தல் நடந்தபோது மேயரான சரோஜினி யோகேஸ்வரன் அவ்வாண்டு மே 17 ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் வந்த பொன். சிவபாலன் செப்டெம்பர் 11 ஆம் திகதி குண்டுவெடிப்பில் உயிரிழந்தார். பின்னர் மேயராகவும் பாராளுமன்ற உறுப்பினராகவும் விளங்கிய நடராஜா ரவிராஜ் 2006 நவம்பர் 10 ஆம் திகதி கொழும்பில் கொல்லப்பட்டார். 1977 இல் இங்கே தோற்ற குமார் பொன்னம்பலமும் 2000 ஜனவரி 5 ஆம் திகதி கொழும்பில் கொல்லப்பட்டிருந்தார். வென்றவர், தோற்றவர் என்ற வேறுபாடே இல்லாமற் போயிற்று. கொலை செய்த கரங்கள் எல்லாம் ஒரே பக்கத்துக் கரங்களுமல்ல.

வாக்காளரும் போனார்

உறுப்பினர்கள் மட்டுமல்ல, வாக்காளர்களும் அகற்றப்பட்டனர். 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களைச் சில மணித்தியாலங்களில் வெளியேற்றினர். பல தேர்தல்களில் இத்தொகுதியின் வெற்றி தோல்வியைத் தீர்மானித்த சோனகத் தெரு ஒரே நாளில் வெறிச்சோடியது. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி நகரம் முழுவதுமே தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தது. எஞ்சியோரில் பலர் பின்னர் கடல் கடந்தனர். இதனை வாசிக்கும் பலரும் அவர்களுள் அடங்குவர்.

இதன் விளைவை எண்களே சொல்லும். 1994 பொதுத்தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு மூன்று பேர்கூட வாக்களிக்கவில்லை. அந்த வாக்குகளைக் கொண்டே ஈ.பி.டி.பி.யின் சுயேச்சைக் குழு 9 ஆசனங்களைப் பெற்றது. 2005 ஜனாதிபதித் தேர்தலில் விடுதலைப் புலிகளின் பகிஷ்கரிப்பினால் 7 இலட்சத்துக்கு மேற்பட்ட பதிவுபெற்ற வாக்காளரில் வாக்களித்தோர் நூற்றுக்கு 1.2 வீதம் மட்டுமே. நாடு முழுவதிலும் மகிந்த ராஜபக்ஷ பெற்ற பெரும்பான்மை ஏறத்தாழ 1 இலட்சத்து 80 ஆயிரம் வாக்குகள். அடுத்து வந்த நான்கு ஆண்டுகளில் நடந்தவற்றை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. 1931 இன் பகிஷ்கரிப்பையும் 2005 இன் பகிஷ்கரிப்பையும் ஒரே சொல்லால் அழைப்பது மொழியின் வறுமை.

இன்று யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் 11 வாக்களிப்புப் பிரிவுகளைக் கொண்டது. பழைய தொகுதி அவற்றுள் ஒன்றாகப் பெயரளவில் வாழ்கிறது. 1977 இல் இந்த 11 தொகுதிகளும் 11 உறுப்பினர்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பின. 2010 இல் மாவட்டத்துக்கு 9 ஆசனங்கள். 2015 இல் 7. 2024 இல் 6. ஆசனங்களின் எண்ணிக்கை வாக்காளர் எண்ணிக்கையைப் பொறுத்தது. போனவர்களின் பெயர்கள் இடாப்பிலிருந்து நீங்க நீங்க, இருப்பவர்களின் குரலும் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. மாவட்டம் முழுவதற்கும் பொதுவான ஆறு பேரில், நகரத்து வாய்க்காலுக்குப் பொறுப்புச் சொல்ல வேண்டியவர் யார் என்று கேட்டால் விடையில்லை. விகிதாசார முறையில் கட்சிகளின் பலம் நியாயமாகப் பிரதிபலிக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இன்னார்தான் நமது உறுப்பினர், அடுத்தமுறை அவரை வீட்டுக்கு அனுப்புவோம் என்று வாக்காளர் சுட்டுவிரல் நீட்டக்கூடிய அந்த ஒருவர் இல்லாமற் போய்விட்டார்.

எனினும் பழைய குணம் முற்றாக அழிந்துவிடவில்லை. 2018 மாநகரசபைத் தேர்தலில் தமிழரசுக் கட்சிக்கு 16, தமிழ்க் காங்கிரஸுக்கு 13, ஈ.பி.டி.பி.க்கு 10 என்று ஆசனங்களைப் பகிர்ந்தளித்து, எவருக்கும் அறுதிப் பெரும்பான்மை தராமல் விட்டது நகரம். 1970 இன் முடிவை அறிந்தவர்களுக்கு அது பழகிய முகம். 2024 நவம்பரில் மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 ஆசனங்களைத் தேசிய மக்கள் சக்தி பெற்று முதலிடத்துக்கு வந்தபோது, தமிழ்த் தேசியம் செத்துவிட்டது என்று சிலர் ஒப்பாரி வைத்தனர். இனவாதம் ஒழிந்துவிட்டது என்று வேறு சிலர் கொண்டாடினர். மகாதேவாவையும் பொன்னம்பலத்தையும் துரையப்பாவையும் மாறிமாறி ஏற்றி இறக்கிய வாக்காளரின் பேரப்பிள்ளைகள் இவர்கள் என்பதை நினைவிற் கொண்டால் இரண்டுக்கும் அவசியமில்லை. இவர்களை வென்றவர்கள் அடுத்தமுறைக்கு அஞ்சுவதே நல்லது. தோற்றவர்கள் அடுத்தமுறைக்குக் காத்திருப்பதே போதுமானது.

1970 இல் தோற்ற துரையப்பாவும் பொன்னம்பலமும் அன்றிரவு தத்தம் வீடுகளுக்குப் பாதுகாப்பாகச் சென்றனர். அந்த முடிவில் நான் மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்ப்பது 56 என்ற எண்ணை மட்டுமல்ல, அதனையும்தான்.